ஒன்பதாம் பக்கம்

20 பெப்ரவரி 2018, செவ்வாய்

பொயிலர் திருத்துபவன் எட்டு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் வருவதாகச் சொல்லியிருந்தான். வரவில்லை. இரண்டு பொலிஸ்காரர்தான் வந்தார்கள். குளிரில் மேலங்கியைக் கழற்றாமலே இருந்து எழுதிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் கண்டதைச் சொன்னேன். பவளம்மாவின் முப்பத்தோராம் நாள். கிரியை பதினொன்றரைக்கு முடிந்தது. பன்னிரண்டரைக்குப் பந்தி தொடங்கியது. ஒன்று நாற்பதுக்குச் சமையலறையில் சத்தம் கேட்டது. நான் போனபோது மூத்த மகன் நகுலேசன் நிலத்தில் கிடந்தார். இளையவன் சச்சிதானந்தன் பூசணிக்காய் வெட்டும் கத்தியைத் தொட்டிக்குள் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டபடி நின்றான். ஓடவில்லை.

கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தைப் பற்றிக் கேட்டார்கள். இளம் பொலிஸ்காரன் அதை விளம்பரத்தாள் போலப் புரட்டினான். விளக்கினேன்: முன்னால் இறந்தவரின் படம், பிறகு தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல் பாட்டு, கடைசியில் வம்ச வரிசை. முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து போகிறவர்களின் கையில் கொடுப்பது. இங்கிலாந்தில், ஹரோவில் இருபது வருடமாக இதை எழுதிக் கொடுப்பவன் நான்.

"ஒன்பதாம் பக்கத்தில் இளைய மகனின் பெயர் ஏன் இல்லை?"

தரப்பட்ட பட்டியலைப் பார்த்து அச்சிட்டதாகச் சொன்னேன். எழுதி, வாசித்துக் காட்டி, கையொப்பம் வாங்கினார்கள். அவர்களுடைய ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துப்பிழை. திருத்திவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.

21 பெப்ரவரி, புதன்

பொயிலர் வேலை செய்கிறது. பிழை எங்கள் பக்கமாம்.

24 பெப்ரவரி, சனி

மீன்கடையில் வரிசை. எனக்கு முன்னால் நின்ற இருவர் இதைப்பற்றித்தான் பேசினார்கள்.

"தாய்க்குக் கொள்ளி வைச்சவன். அவன்ர பேரையே கல்வெட்டில விட்டா எவனுக்குத்தான் பொறுக்கும்?"

"அதுக்காகத் தமையனை வெட்டுறதே? பூசணிக்காயோ அது?"

"பதினாலு வருசம் தாயைத் தூக்கிக் குளிப்பாட்டினவன் சச்சி. கலியாணமும் கட்டேல்லை. மூத்தவர் ஞாயிற்றுக்கிழமையில ஒரு சீப்பு வாழைப்பழத்தோட வந்து பாத்திட்டுப் போறவர்."

அப்போது கடைக்காரர் என்னைக் கண்டுவிட்டார். "தில்லையம்பலம் அண்ணை, நீங்கள் ஒரு புள்ளி பிசகினாலே பொறுக்காத ஆள். உங்கட கையால எப்பிடி ஒரு முழு மனிசன் தவறிப்போச்சு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தந்ததைத்தான் போட்டன்," என்றேன். விளைமீன் ஒன்றரைக் கிலோ வாங்கினேன். துப்புரவாக்கித் தரச் சொன்னதற்குச் செதிலை அரைகுறையாய் விட்டிருந்தார். இதுவும் நினைவில் இருக்கும்.

4 மார்ச், ஞாயிறு

பனி. வெளியே போகவில்லை. சச்சியைப் பற்றி எனக்குத் தெரிந்ததை ஒழுங்காக எழுதிவைப்பது நல்லது.

நான் கொழும்பில் சட்டக் கல்லூரி முடித்துச் சத்தியப்பிரமாணம் செய்தவன். வவுனியாவில் நாலு வருடம் கறுப்புக் கோட்டுப் போட்டு வழக்காடினேன். இந்த நாட்டுக்கு வந்து, சட்டத்தரணியாவதற்கான மாற்றுப் பரீட்சை இரண்டு முறை எழுதினேன். இரண்டாவது முறை மூன்று புள்ளியால் போனது. அதன் பிறகு ஒரு சட்டத்தரணி அலுவலகத்தில் அகதி விண்ணப்பங்களை மொழிபெயர்க்கிறேன். இப்போதைய முதலாளிக்கு முப்பத்துநாலு வயது. என்னை 'டில்லி' என்று கூப்பிடுகிறான்.

2003 ஒக்டோபரில் பழைய மாணவர் சங்கப் பொதுக்கூட்டம். யாப்பில் ஒரு திருத்தம் பற்றி நான் கேள்வி எழுப்பினேன். சரியான கேள்வி. சச்சி ஒலிவாங்கியை வாங்கி, "தில்லை அண்ணை கோவிக்கக்கூடாது. அவர் லோயர் இல்லை, லோயரின்ர கடிதத்துக்கு முத்திரை ஒட்டுறவர்," என்றான். நூற்றறுபது பேர் சிரித்தார்கள். பத்மினியும் சிரித்தாள். பக்கத்தில் இருந்த என் மனைவி. பிறகு இருமல் என்றாள்.

அவன் அடுத்த நாளே மறந்திருப்பான். எங்கே கண்டாலும் "எப்பிடி அண்ணை, சுகமோ?" என்று தோளில் தட்டுவான். பதினைந்து வருடம் தட்டினான்.

இதற்கும் வழக்குக்கும் தொடர்பில்லை.

15 மார்ச், வியாழன்

சச்சியின் வழக்கறிஞர் பிரணவி அலுவலகத்துக்கு அழைத்திருந்தாள். இங்கே பிறந்த பிள்ளை, முப்பது வயதிருக்கும். தமிழ் பேச முயல்கிறாள்.

"அங்கிள், மேடர், கொலை எண்டு சார்ஜ் போட்டிருக்கினம். வெட்டினதை நாங்கள் மறுக்கேல்லை. மேடரை மேன்ஸ்லோட்டரா இறக்கவேணும். அதுதான் கேஸ்."

விளக்க வேண்டியதில்லை என்றேன். இருந்தும் விளக்கினாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அவள் சொன்ன வரிசை சரியா என்று பார்க்க.

இந்நாட்டுச் சட்டத்தில் கொலைக்கு ஒரே தண்டனைதான், ஆயுள். நீதிபதி விரும்பினாலும் குறைக்க முடியாது. ஆனால் மூன்று வழிகளில் கொலை, கைமோசக்கொலையாக இறங்கும். ஒன்று, மனநோயால் பொறுப்புக் குறைந்த நிலை. இரண்டு, தன்னடக்கத்தை இழந்த நிலை. மூன்றாவது, சேர்ந்து சாக உடன்பட்டு ஒருவர் மட்டும் தப்பியது. அது இங்கே வேண்டியதில்லை. இவை விடுதலை தருவதில்லை. குற்றத்தின் பெயரை மாற்றும், அவ்வளவுதான். பெயர் மாறினால் எட்டு அல்லது பத்து வருடம், அதில் பாதி உள்ளே. மாறாவிட்டால் ஆயுள்.

சச்சிக்கு இரண்டாவதுதான் பொருந்தும். அதற்கு மிகப் பாரதூரமான ஒரு சொல்லோ செயலோ நடந்திருக்க வேண்டும். தனக்குப் பெரிய அநியாயம் செய்யப்பட்டது என்று அவன் நினைத்ததில் நியாயம் இருக்க வேண்டும். அதே வயதும் சாதாரணப் பொறுமையும் உள்ள இன்னொருவன் அவனுடைய நிலையில் இருந்தால் அவனும் அப்படிச் செய்திருக்கக்கூடும் என்று ஜூரிக்குப் பட வேண்டும். மனைவி வேறொருவனோடு போனாள் என்பது மட்டும் காரணமென்றால் கணக்கில் எடுக்கமாட்டார்கள். ஆற அமர யோசித்துப் பழிவாங்கினான் என்றால் கதவு மூடிவிடும்.

"ஜூரியில பன்ரெண்டு பேர். ஒருத்தருக்கும் கல்வெட்டு எண்டா என்னெண்டு தெரியாது," என்றாள். "ஒரு புத்தகத்தில பேர் இல்லாட்டி என்ன எண்டு கேப்பினம். நீங்கள்தான் அங்கிள் சொல்லவேணும்."

சொல்வதாக ஒப்புக்கொண்டேன். இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்றில் நான் வாய் திறக்கும் முதல் நாளாக இருக்கும்.

16 மார்ச், வெள்ளி

கடைவாய்ப் பல் பிடுங்கியாயிற்று. பக்கத்துப் பல்லும் ஆடுகிறதாம்.

19 ஏப்ரல், வியாழன்

மனநோய் மருத்துவர் ஒருவர் சிறைக்குப் போய்ச் சச்சியைப் பார்த்தாராம். பதினான்கு வருடம் ஒருவரைப் பராமரித்து, அவர் போனதும் வரும் கடும் மனச்சோர்வு என்று எழுத ஆயத்தமாக இருந்தாராம். முதலாவது வழிக்கு அது போதும். சச்சி ஒத்துழைக்கவில்லை. "எனக்கு விசர் இல்லை. அம்மாவைப் பாத்தது வருத்தமும் இல்லை," என்று சொல்லிவிட்டானாம்.

ஆக ஒரு கதவை அவனே சாத்திவிட்டான். மிஞ்சியிருப்பது ஒன்றுதான்.

17 மே, வியாழன்

நிபுணராக என்னை அழைக்கப் போவதில்லை. தமிழரின் மரணச் சடங்குகள் பற்றி ஆராய்ச்சி செய்த ஒரு பேராசிரியரைப் பிடித்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பதினெட்டு மாதம் இருந்தவராம். நான் அங்கே முப்பத்தொரு வருடம் இருந்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு கல்வெட்டு எழுதியிருக்கிறேன்.

"நீங்கள் நடந்ததைச் சொல்லுற ஃபேக்ட் விற்னஸ், அங்கிள். புத்தகம் செய்தவர் நீங்கள்தானே. ரெண்டும் நீங்களாயிருக்க ஏலாது," என்றாள் பிரணவி.

சட்டம் சரி. இருந்தாலும் அவள் முகத்தில் ஒரு ஆறுதல் தெரிந்தது. குறித்து வைக்கிறேன்.

பேராசிரியரின் அறிக்கையைக் காட்டவில்லை. தாய்க்கு இளைய மகன் கொள்ளி வைப்பான், தகப்பனுக்கு மூத்தவன் என்பதாவது அதில் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறதாம். இங்கே தகனசாலையில் கொள்ளி இல்லை, ஒரு பொத்தான்தான். அந்தப் பொத்தானைச் சச்சி அமத்தினான். மனைவி, பிள்ளைகள் இல்லாதவனுக்கு வேறு எந்தக் கல்வெட்டிலும் இடம் கிடையாது. தாயின் வம்ச வரிசையில் மகன் என்று ஒரு வரி, அதுதான் அவனுக்கிருந்தது. இதையும் எழுதினாரா என்று கேட்டேன்.

"நீங்களே சொல்லுறது அதைவிட நல்லாயிருக்கு," என்றாள்.

8 ஜூன், வெள்ளி

பத்மினி வெள்ளிக்கிழமைகளில் நகுலேசனின் மனைவி யசோதாவைப் பார்க்கப் போகிறாள். இன்று இடியப்பமும் சொதியும் கொண்டு போனாள். திரும்பி வந்து சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"யசோதா ஒரு கதை சொன்னவ."

"என்ன?"

"சமையலறையில அவ பக்கத்திலதான் நிண்டவவாம். சச்சி வந்து, 'என்ர பேரை ஏனடா வெட்டினனீ' எண்டு கேட்டவராம். தமையன், 'நான் உன்ர பேர் குடுத்தனான்ரா' எண்டு சொன்னவராம். அதைச் சொன்ன உடனதான் சச்சி கத்தியை எடுத்தவராம்."

"பொலிசுக்குச் சொன்னவவோ?"

"சொன்னவ. லிஸ்ட் எழுதேக்க தானும் பக்கத்தில இருந்ததெண்டும் சொன்னவ. ஆனா உங்கட ஸ்டேட்மென்ட் வேற மாதிரி இருக்காம். அதால, புருசனைக் காப்பாத்தச் சொல்லுறா எண்டு நினைக்கினமாம்." சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "அந்த லிஸ்ட் எங்க?"

"எறிஞ்சுபோட்டன்."

"நீங்கள் ஒண்டும் எறியிற ஆள் இல்லை."

தேநீர் போட்டேன். அவள் குடிக்கவில்லை.

9 ஜூன், சனி

பட்டியல் இரண்டு பக்கம். நீல மை. நகுலேசனின் கையெழுத்து எப்போதும் வலப்பக்கம் சாயும்.

அச்சுக்கு முன் மெய்ப்புப் பிரதியை அவருக்கு அனுப்பினேன். என் கடமையில் நான் தவறவில்லை. இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டார். இரண்டு முறையும் அட்டைப் படத்தைப் பற்றித்தான். "அம்மா கண்ணாடி போட்டபடி இருக்கிறா அண்ணை, கண்ணாடி இல்லாத படம் போடேலாதோ?" மாற்றிக் கொடுத்தேன். "இப்ப சரி, அடியுங்கோ," என்றார். ஒன்பதாம் பக்கத்தைத் திறந்தே பார்க்கவில்லை. எங்கள் ஆட்கள் யாரும் பார்ப்பதில்லை. படத்தைப் பார்ப்பார்கள், பொட்டு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பார்கள், அச்சடிக்கச் சொல்வார்கள். அவர் பார்த்திருந்தால் அன்றே பிழை திருத்தப்பட்டிருக்கும்.

நான் எதிர்பார்த்ததும் அதைத்தான். எவராவது பார்த்து, ஏசி, திருத்தச் சொல்வார்கள் என்று.

அப்படித்தான் எதிர்பார்த்தேனா என்பதை இப்போது சரியாகச் சொல்ல முடியவில்லை.

10 ஜூன், ஞாயிறு

புல் வெட்டினேன். பக்கத்து வீட்டான் தன் வேலியோரம் வெட்டவேயில்லை.

12 ஜூலை, வியாழன்

அரசுத் தரப்பின் பிடி அந்த அரைமணி நேரம்தான். சாட்சிகளின்படி ஒன்று பத்துக்குச் சச்சியின் கையில் கல்வெட்டு இருந்தது. கத்தி எடுத்தது ஒன்று நாற்பதுக்கு. இடையில் அவன் இரண்டாம் பந்திக்குப் பாயசம் பரிமாறியிருக்கிறான். சிரித்த முகத்தோடு, "இன்னும் கொஞ்சம் விடட்டோ?" என்று கேட்டதாக மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். கட்டுப்பாட்டை இழந்தவன் பாயசம் பரிமாறுவானா என்று கேட்பார்கள். ஆறுதலாக யோசித்துப் பழிவாங்கினான் என்பார்கள்.

கோபம் உடனடியாக வெடிக்க வேண்டும் என்ற பழைய விதி இப்போது இல்லை. ஆனால் அரைமணி நேரத்தில் என்ன நடந்தது என்று யாராவது சொல்ல வேண்டும். சச்சி சொல்லமாட்டேன் என்கிறானாம். "ஒருத்தரையும் இதுக்குள்ள இழுக்க விரும்பேல்லை" என்றுதான் சொல்கிறானாம்.

என்னைத்தான் சொல்கிறான். எனக்குத் தொல்லை வரக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறான். அப்படி அவனை யார் கேட்டது?

29 ஜூலை, ஞாயிறு

வெக்கை. முப்பது பாகை. பத்மினி ஏழு வாரமாக வேண்டியதை மட்டும்தான் பேசுகிறாள். உப்பு, பில், குப்பை வாளி.

இன்று கறி வைத்துக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்கு அவரோட கோவம் எண்டு எனக்குத் தெரியும். அண்டைக்கு நான் சிரிச்சதும் உங்களுக்கு இன்னும் ஞாபகம். எனக்கும் அப்பிடி எத்தினை கல்வெட்டு எழுதி வைச்சிருக்கிறியளோ தெரியாது."

"அது வேற விசயம்."

"பேரை விட்டது நீங்கள்தானே?"

அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள். நான் குப்பை வாளியை வெளியே வைத்துவிட்டு வந்தேன். அவள் திரும்பக் கேட்கவில்லை. கத்தரிக்காய் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

11 ஓகஸ்ட், சனி

சட்டத்தை மறுபடியும் வாசித்தேன். ஒரு விசயம் இதுவரை கண்ணில் படாமல் இருந்திருக்கிறது.

தூண்டிய சொல்லோ செயலோ இறந்தவருடையதாக இருக்க வேண்டும் என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. சொன்னவை, செய்தவை என்றுதான் இருக்கிறது. யார் என்று இல்லை. மூன்றாம் ஒருவர் செய்ததாகவும் இருக்கலாம். அப்படியானால் நகுலேசன் பெயரைக் கொடுத்தாரா இல்லையா என்பது சச்சியின் தற்காப்பை அசைக்காது. சச்சி என்ன நம்பினான், அப்படி நம்ப அவனுக்கு நியாயம் இருந்ததா என்பதுதான் கேள்வி. அரைமணி நேரத்தில் நடந்தது தெரிந்தால் அந்த நம்பிக்கைக்கு முழு நியாயமும் கிடைத்துவிடும். பழிவாங்கல் என்ற வாதமும் விழுந்துவிடும்.

அரைமணி நேரத்தில் நடந்தது இது.

கல்வெட்டுகளைச் சாப்பாடு முடிந்த பிறகுதான் கொடுப்பார்கள். பெட்டி வாசலில் இருந்தது. நான் ஒன்றை எடுத்து, ஒன்பதாம் பக்கத்தின் மூலையை மடித்து, பாயச வாளியோடு நின்ற சச்சியிடம் கொடுத்தேன். "பார், வடிவா வந்திருக்கோ எண்டு," என்றேன். பொலிசின் சான்றுப் பையில் இருக்கும் பிரதியில் அந்த மடிப்பு இருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

இருபது நிமிடம் கழித்து வந்தான். முகத்தில் இரத்தம் இல்லை. "அண்ணை, என்ர பேர் இல்லை. உங்களுக்குத் தவறிப்போச்சோ?"

அந்த இடத்தில் 'ஓம்' என்று சொல்லியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவன் என் தோளில் தட்டி, "பரவாயில்லை அண்ணை," என்று சொல்லியிருப்பான். நூற்றறுபது பேர் முன்னாலும் சொல்லியிருப்பான்.

"எனக்குத் தந்த லிஸ்ட்டில இருந்ததைத்தான் போட்டன்," என்றேன்.

"அண்ணன் அப்பிடிச் செய்யமாட்டான்."

"போய்க் கேள். கேட்டாலும், குடுத்தனான் எண்டுதான் சொல்லுவார்."

அவன் வாளியை மேசையில் வைத்துவிட்டுப் போனான்.

20 ஓகஸ்ட், திங்கள்

பிரணவியின் அலுவலகம். பட்டியலையும் பதினொரு பக்க அறிக்கையையும் கொடுத்தேன். அறிக்கை நானே எழுதியது. பத்திகளுக்கு இலக்கம் போட்டு, சட்டவாதத்தைத் தனி இணைப்பாக வைத்திருந்தேன். அவள் வாசித்து முடிக்க இருபத்தைந்து நிமிடம் எடுத்தது. நடுவில் ஒருமுறை எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

"முதல்ல நீங்கள் ஒரு லோயர் வைச்சுக்கொள்ளுங்கோ. பொலிசுக்குப் பொய் சொல்லியிருக்கிறியள்."

"பதினாலாம் பத்தியைப் பார்த்தனீங்களோ? அதுதான் முக்கியம். 'கேட்டாலும் குடுத்தனான் எண்டுதான் சொல்லுவார்.' தமையன் உண்மையைச் சொன்ன நேரம் அது பொய்யாக் கேட்டதுக்கு அதுதான் காரணம்."

"பார்த்தனான்."

"இணைப்பையும் பாருங்கோ. சட்டத்தில இடம் இருக்கு."

"இடம் இருக்கு அங்கிள்," என்றாள். "உங்கட ஆர்கியுமென்ட் சரி. பாரிஸ்டரும் சந்தோஷப்படுவார். இது கிடைச்சா நாங்கள் வெல்லலாம்." அப்படிச் சொன்னபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. "ஆனா முதல்ல இதைச் சச்சி அங்கிளுக்குக் காட்டவேணும். அவர்தான் க்ளையன்ட்."

வீட்டுக்கு நடந்தே வந்தேன். நாலு மைல். என் வாதம் சரி என்று இந்த நாட்டில் ஒரு சட்டத்தரணி சொன்னது இதுதான் முதல் முறை.

பத்மினியிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னேன். "எல்லாத்தையுமோ?" என்றாள். "எல்லாத்தையும்." தலையை ஆட்டினாள். இரவுச் சாப்பாட்டைத் தனியாகப் போட்டு மூடி வைத்திருந்தாள்.

4 செப்டெம்பர், செவ்வாய்

பிரணவி தொலைபேசியில்.

சிறையில் சச்சிக்கு அறிக்கையை வாசித்துக் காட்டினாளாம். பட்டியலின் பிரதியையும் கொடுத்தாளாம். அவன் அறிக்கையைத் தொடவில்லை. பட்டியலில் தமையனின் கையெழுத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தானாம். மூன்றாவது வரியில் இருந்ததாம்: 'சச்சிதானந்தன் (சச்சி). அம்மாவைப் பாத்தவன் எண்டு ஒரு வசனம் சேர்த்து எழுதவும்.'

அந்தக் குறிப்பை நான் மறந்திருந்தேன்.

"பிறகு என்ன சொன்னவர்?" என்று கேட்டேன்.

"கேஸை விடச் சொன்னார். கில்ட்டி எண்டு சொல்லப்போறாராம். மேடருக்கு."

"விசரோ அவனுக்கு? சட்டத்தில அது தேவையே இல்லை. தமையன் குடுத்தவரோ இல்லையோ எண்டது—"

"எல்லாம் சொன்னனான் அங்கிள். ரெண்டு மணித்தியாலம் சொன்னனான். உங்கட இணைப்பையும் வாசிச்சுக் காட்டினனான். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்…" அவனுடைய சொற்களை அப்படியே சொல்ல முயன்றாள். "'பிள்ளை, அண்ணன் பொய் சொல்லுறான் எண்டு நினைச்சுத்தான் நான் அதைச் செய்தனான். அவன் உண்மையைத்தான் சொன்னவன். இப்ப நான் கோட்டில நிண்டு, அவனாலதான் நான் என்னை மறந்தனான் எண்டு சொன்னா, ரெண்டாம் தரமும் அவனை வெட்டுறமாதிரி.'"

"'அவனால' எண்டு சொல்லத் தேவையில்லை. என்னால எண்டு சொல்லலாம். அதைத்தானே எழுதித் தந்தனான்."

"அதையும் சொன்னனான்."

"அதுக்கு?"

"சிரிச்சார். 'தில்லை அண்ணை என்ர கையைப் பிடிச்சு வெட்டேல்லை' எண்டார்."

5 செப்டெம்பர், புதன்

அவனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஏழு பக்கம். சட்டம் முழுவதையும் தமிழில், அவனுக்கு விளங்கும்படி. ஆயுள் என்றால் என்ன, பத்து வருடம் என்றால் என்ன என்று கணக்காக எழுதினேன். 'உன் கோபத்தில் நியாயம் இருந்தது' என்று முதல் வரியில் எழுதியிருந்தேன். அவனைப் பற்றி நான் எழுதிய நல்ல வசனம் அது ஒன்றுதான்.

சாட்சியாக இருப்பவர் எதிரியோடு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவரோடு, தொடர்புகொள்ளக்கூடாது என்று பிரணவி கடிதத்தைத் திருப்பித் தந்தாள்.

10 செப்டெம்பர், திங்கள்

குரௌன் நீதிமன்றம், இரண்டாம் மண்டபம். பார்வையாளர் வரிசையில் இருந்தேன். சாட்சி சொல்ல வேண்டிய தேவை இல்லாமல் போய்விட்டது. பத்மினி யசோதாவுக்குப் பக்கத்தில் இருந்தாள், என் பக்கத்தில் அல்ல.

சச்சி மெலிந்திருந்தான். மொழிபெயர்ப்பாளர் இருந்தார், ஆனால் தேவைப்படவில்லை. குற்றச்சாட்டை மறுபடி வாசித்தார்கள். கொலை. குற்றவாளியா இல்லையா என்று கேட்டார்கள். ஆங்கிலத்தில், தெளிவாக, குற்றவாளி என்றான்.

நீதிபதி எழுதுவதை நிறுத்தினார். சட்டத்தரணியோடு பேசினீர்களா, வேறு வழி உண்டு என்பது தெரியுமா, யாராவது வற்புறுத்தினார்களா என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் சச்சி பதில் சொன்னான். கடைசியாக, ஜூரி முன்னால் வாதாட உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று உங்கள் பாரிஸ்டர் எழுத்தில் தந்திருக்கிறார், அது தெரியுமா என்றார்.

தெரியும் ஐயா என்றான். எனக்கு அது வேண்டாம் என்றான்.

எழுந்து சொல்ல வேண்டும் போல இருந்தது, சட்டம் அப்படி இல்லை என்று. எழும்பவில்லை. பார்வையாளர் எழுந்து பேச முடியாது.

ஆயுள். குறைந்தது பன்னிரண்டு வருடம். அவனுக்கு இப்போது ஐம்பத்தொன்று.

வெளியே நடைபாதையில் யசோதா என்னிடம் வந்தாள். அறைவாள் என்று நினைத்தேன்.

"அவர் பேர் குடுத்தவர் எண்டு இப்ப எல்லாருக்கும் தெரியும்தானே, அண்ணை?"

"ஓம்."

"எனக்கு அது போதும்," என்றாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

26 செப்டெம்பர், புதன்

பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பொய்யான வாக்குமூலம் பற்றி விசாரணை, நாற்பது நிமிடம். நான் சட்டத்தரணி வைத்துக்கொள்ளவில்லை. அந்த வாக்குமூலம் எந்த வழக்கிலும் வாசிக்கப்படவில்லை, நானாகவே திருத்திக் கொடுத்துவிட்டேன், ஆகவே மேல் நடவடிக்கை எடுப்பது பொதுநலனுக்கு உகந்ததல்ல என்றாள் அதிகாரி.

"மற்றதற்கு?" என்று கேட்டேன்.

"எதற்கு?"

ஒரு கல்வெட்டில் ஒரு பெயரை வேண்டுமென்றே விட்டதற்கு. ஒரு மூலையை மடித்ததற்கு. ஒரு வசனம் சொன்னதற்கு. பதினைந்து வருடம் ஆற அமர யோசித்ததற்கு. இதையெல்லாம் ஆங்கிலத்தில் ஒழுங்காகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். அது குற்றம் இல்லை ஐயா என்றாள். வாசல்வரை கூட வந்து கதவைத் திறந்துவிட்டாள்.

சச்சியிடம் கேட்டார்கள், குற்றவாளியா என்று. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

"என்னவாம்?" என்றாள் பத்மினி.

"ஒண்டும் செய்யமாட்டினமாம்."

துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் சட்டைகளை ஒரு பக்கமும் தன்னுடையதை ஒரு பக்கமுமாக வைத்தாள்.

"வாற மாசத்தில இருந்து முதல் ஞாயிறு நான் சச்சியைப் பாக்கப் போறன். அவருக்கு வர ஆள் இல்லை. அனுமதிக்குப் பிரணவி எழுதித் தந்திட்டா."

"நான் காரில கொண்டுபோய் விடுறன். உள்ள வரமாட்டன்."

"வேண்டாம். பஸ் இருக்கு."

7 ஒக்டோபர், ஞாயிறு

பஸ் ஒன்பது பத்துக்கு. எட்டு நாற்பதுக்கே பத்மினி போய் நின்றாள். மழை. குடையை எடுத்துக்கொண்டு போனேன். தன்னிடம் இருக்கிறது என்றாள்.